தண்ணீர் வேண்டாம் என்ற மில்லுக்காரி

அந்த மனுசியை நான் எந்த வரிசையிலும் முதலாவதாக நிற்கக் கண்டதில்லை. கடையாக இருக்கட்டும், மருந்துக்கடையில் இலக்கம் எடுத்துக்கொண்டு காத்து நிற்கிற இடமாக இருக்கட்டும், பின்னுக்கு ஒருவர் வந்து நின்றால் போதும், "நீங்கள் போங்கோ" என்று கையைக் காட்டிவிட்டு ஒதுங்கிவிடுவார். அவசரம் உள்ளவருக்கு வழி விடுவது வேறு. அதை நானும் செய்வேன், ஆளைப் பார்த்து. இவர் அவசரம் இல்லாதவருக்கும் விடுவார். நாய்க்கு விடுவார். வயல் பாதையில் கார் ஓட்டிக்கொண்டு போகும்போது எதிரே ஒரு முள்ளெலிக் குட்டி வந்தாலும் நிறுத்தி வைத்துக்கொண்டு இருப்பார்.

பெயரை இங்கே எழுதவில்லை. பெயர் போடுவதும் முன்னுக்குக் கொண்டுபோய் நிறுத்துகிற மாதிரித்தான். அது அவருக்குப் பிடித்திருக்காது. இப்போது அவர் இல்லை. நாங்கள் எங்களுக்குள் "மில்லுக்காரி" என்றுதான் சொல்லுவோம். அதுவே போதும்.

முதல் பார்த்தது பிராண்டேயில், இந்த டெனிஸ் நாட்டில் நாங்கள் இருக்கிற ஊரில், சாமான் வாங்குகிற கடையில். எங்களுடைய தள்ளுவண்டி நிறையச் சாமான். அவருடைய கையில் உறைந்த பட்டாணிப் பைக்கற் ஒன்று மட்டும். எங்களுக்கு முன்னால் நின்ற அவர் திரும்பிப் பார்த்துவிட்டு ஒதுங்கினார். நான் வண்டியை முன்னுக்குத் தள்ளினேன். என் மனுசன் வெட்கப்பட்டு என் காதுக்குள், "இஞ்சாரும், அவவிட்ட ஒரு பைக்கற்தான் கிடக்குது. அவ முதல் போகட்டும்" என்றார்.

"அவவாத்தானே விட்டவ. வேண்டாம் எண்டால் அவவுக்கு என்ன மரியாதை?" என்றேன் நான்.

காசைக் கொடுத்து, சாமான்களைப் பையில் போட்டு நிமிர்ந்து பார்க்கிறேன், அவர் எங்களுக்குப் பிறகு வந்தவர்களையும் விட்டுவிட்டு அதே இடத்தில் நிற்கிறார். பட்டாணி உருகிக் கையால் தண்ணீர் வடிகிறது. இந்த மனுசிக்கு ஏதோ பிழை என்று என் மனுசனிடம் சொன்னேன். பல வருடம் பழகிய பிறகும் அந்தச் சொல்லை முழுதாகத் திருப்பி எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதை முழுதாக நம்பவும் முடியவில்லை.

அவருடைய கண்ணிமையில் மா ஒட்டியிருந்தது. மாப் பிசைகிறவளுக்குக் கையில்தான் மா இருக்கும். கண்ணிமையில் மா இருந்தால் அது மில். அதனால்தான் திரும்பிப் போய், எனக்குத் தெரிந்த டெனிஸ் மொழியில், உங்களுக்கு மில் இருக்கா என்று கேட்டேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஊருக்கு வெளியே, ஆற்றங்கரையில், தண்ணீரால் ஓடுகிற மில், ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்றார்.

அது அவருடைய தகப்பன் வழியில் வந்த இடம். ஒரு காலத்தில் சுற்றியிருந்த பண்ணைகள் எல்லாம் அங்கேதான் தானியம் அரைத்தார்களாம். பிறகு கைவிட்டு, தண்ணீர் சுற்றுகிற சக்கரமான சில்லு உக்கி, கூரையும் விழுந்து கிடந்தது. ஓய்வுபெற்ற ஆட்கள் கொஞ்சப்பேர் ஒரு சங்கமாகச் சேர்ந்து, ஒரு தச்சர் முன்னுக்கு நின்று, வருடக்கணக்காக வேலை செய்து அதை எழுப்பினார்கள். மரமும் உழைப்பும் அவர்களுடையது. நிலமும் தண்ணீர் உரிமையும் மில்லுக்காரியுடையது. நான் போகும்போது எல்லாம் முடிந்துவிட்டது. ஆற்றை மறித்துக் கட்டிய குளம் ஒன்று. அதிலிருந்து மர வாய்க்காலால் தண்ணீர் வந்து, ஆள் உயரத்தைவிடப் பெரிய சில்லின் தலையில் விழும். சில்லு சுற்ற, உள்ளே மரப்பல்லுச் சக்கரங்கள் சுற்ற, அதுகள் அரைக்கிற கல்லைச் சுற்றவைக்க, கீழே பைக்குள் மா இளஞ்சூட்டோடு கொட்டும். மின்சாரமும் இல்லை, எண்ணெயும் இல்லை. ஊரில் நான் பார்த்த மில் எல்லாம் அயலையே அதிர வைக்கும். இது தனக்குள்ளே ஏதோ முணுமுணுத்துக்கொண்டு இருந்தது.

தண்ணீரைத் திறக்கிறதற்கு வெளியே ஒரு நீள மரப்பிடி இருக்கிறது. அதை இழுத்தால் கதவு எழும்பும். பார்க்க வருகிறவர்களுக்கு அதுதான் பெரிய ஆசை. மில்லுக்காரி அந்தப் பிடியைத் தொட்டு நான் காணவில்லை. யார் வந்தாலும் அவர்களிடம் கொடுப்பார். எனக்கும் கொடுத்தார். இழுத்தேன். அந்தப் பெரிய சில்லு எனக்காக அசைந்தது. நல்லாய்த்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

அடுத்த கிழமை நான் அரிசியோடு போனேன். இடியப்பத்துக்கு மா வேண்டும். எங்களுடைய முறைப்படி பச்சையரிசியை ஊறவைத்து, வடித்து, துணியில் பரவி ஈரம் கொஞ்சம் வாங்கவிட்டு, பேசினில் போட்டு மூடி, மடியில் வைத்துக்கொண்டு போனேன். யாழ்ப்பாணத்தில் மில்லுக்கு அப்படித்தான் கொண்டு போவோம், அப்படித்தான் அரைத்தும் தருவார்கள். அவர் துணியை விலக்கி அரிசிக்குள் கையை விட்டார். கையை எடுத்து விரல்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஏதோ சொல்லப்போகிற மாதிரி இருந்தது. பிறகு பேசினை வாங்கிக்கொண்டு போய்க் கொட்டினார்.

கொஞ்ச நேரத்தில் கல் முனகுகிற சத்தம் கேட்டது. பிறகு சில்லு நின்றுவிட்டது. தண்ணீர் சில்லுக்கு மேலால் வழிந்து ஊற்றுகிறது, சில்லு அசையவில்லை. தச்சர் ஓடி வந்தார். அவர் சத்தம் போடுகிற ஆள். இரண்டு கல்லுக்கும் நடுவில் அரிசி பசையாகிப் பிடித்துவிட்டது, இந்தக் கல்லுக்குக் காய்ந்த தானியம்தான் போடவேண்டும் என்று எனக்குச் சொல்லாமல் மில்லுக்காரிக்குச் சொன்னார், ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரி. நான் அசையவில்லை. ஈர அரிசி அரைக்கத் தெரியாத மில் என்றால் அது மில்லுடைய குறை. மேல்கல்லைக் கொக்கி போட்டுத் தூக்கி, அந்தப் பின்நேரம் முழுக்க மில்லுக்காரி முழங்காலில் இருந்து கல்லில் கொத்தியிருந்த வரிகளுக்குள் இருந்த பசையை மரக்குச்சியால் கிண்டி எடுத்தார். நான் பக்கத்தில் ஒரு கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இறுகும் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"தெரியும்."

"பிறகேன் போட்டனீங்கள்?"

"நீங்கள் நனைச்சுக் கொண்டு வந்திட்டியள்" என்றார்.

காரில் ஏறியதும் இதை என் மனுசனிடம் சொன்னேன். அவர் சிரித்து, "ரெண்டு பேருக்கும் நல்ல பொருத்தம். ஒருத்தி விடமாட்டா, ஒருத்தி பிடிக்கமாட்டா" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான் போலே. அதற்குப் பிறகு நான் அங்கே போகாத மாதம் இல்லை. காய்ந்த கோதுமையை அவர் அரைத்துத் தருவார். அந்த மாவில் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டு ரொட்டி சுட்டேன். சங்கத்து ஆட்கள் ஒருதரம் தின்று பார்த்தார்கள். மில்லைச் சனத்துக்குத் திறந்துவிடுகிற அடுத்த ஞாயிறிலேயே எனக்கு ஒரு மேசை போட்டுத் தந்தார்கள். மில்லைப் பார்க்க வந்த சனம் என் மேசைக்கு முன்னால் வரிசையில் நின்றது. மில்லுக்காரியும் நிற்பார், கடைசியில். கடைசி ஆளுக்கு வரும்போது ரொட்டியோடு வைக்கிற சம்பல் முடிந்துவிடும். ஒரு சிரட்டையில் கொஞ்சம் ஒதுக்கி வைத்துப் பார்த்தேன். அதையும் முன்னால் நின்ற ஒரு கிழவனிடம் கொடுத்துவிட்டார். எனக்கு ஆத்திரம் வந்தது. நான் ஒதுக்கிக் கொடுத்ததை அவர் தின்னத்தானே வேண்டும்?

இன்னொரு கோடையில் மில்லின் கதவு நிலைக்கு மேலே உள்பக்கமாக ஒரு தகைவிலான் குருவிச் சோடி கூடு கட்டியது. கதவைத் திறந்தால் அதுகள் கலையும் என்று மில்லுக்காரி குஞ்சு பறக்கும் வரைக்கும் யன்னலால் ஏறி உள்ளே போய் வந்தார். அந்த வயதில். மாமூட்டையும் யன்னலால்தான். தச்சர் திட்டிக்கொண்டு ஏறினார், ஆனாலும் ஏறினார். நான் போன அன்று எனக்கும் ஒரு முக்காலி கொண்டுவந்து யன்னலுக்குக் கீழே வைத்தார்கள். ஒரு குருவிக்காக நான் சீலையைத் தூக்கிக்கொண்டு யன்னலால் ஏறுகிறதோ? கதவைத் திறந்துகொண்டு நேரே போனேன். குருவிகள் தலைக்கு மேலால் கிறீச்சிட்டுப் பறந்தன, பிறகு வந்து இருந்தன. அவ்வளவுதான். நான் வெளியே வரும்போது மில்லுக்காரி கதவை மெதுவாக, நோகாமல், தன் கையாலேயே சாத்தினார்.

விட்டுக்கொடுக்கிற ஆட்களை நான் கண்டிருக்கிறேன். அதில் பாதிப்பேர் பயத்தில் விடுவார்கள், மீதிப்பேர் பேர் வாங்க விடுவார்கள். இவருக்குப் பயமும் இல்லை, பேர் எடுக்கிற எண்ணமும் இல்லை. சண்டை பிடித்தால் எதிர்த்துச் சண்டை பிடிக்கமாட்டார், பணிந்தும் போகமாட்டார். தண்ணீர்க் கதவுக்குப் பச்சை நிறம் அடிக்க அவருக்கு ஆசை. தச்சருக்கு நீலம். நீலம்தான் அடித்தார்கள். நல்லாய் இருக்குதா என்று நான் கேட்டதற்கு, "நீலம்" என்று மட்டும் சொன்னார். அதை நான் ஓம் என்று எடுத்துக்கொண்டேன். எல்லோரும் அப்படித்தான் எடுத்துக்கொள்ளுவார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் மீன் கதை வந்தது.

அந்த ஆற்றில் புள்ளி போட்ட ஒரு மீன் இருக்கிறது. கடலுக்குப் போய் வளர்ந்துவிட்டு முட்டையிட ஆற்றால் மேலே திரும்பி வருமாம். மில் குளத்தின் அணைக்கட்டு மறிக்கிறபடியால் அதற்கு மேலே போக வழியில்லை. கொம்யூனிலிருந்து, அதாவது நகரசபையிலிருந்து, ஒரு இளம் பெடியன் வந்தான். அணையை உடைத்து ஆற்றைப் பழைய வழியால் விட்டால் மீன் போகும் என்றான். ஆனால் குளம் வற்றிவிடும், வாய்க்காலுக்குத் தண்ணீர் வராது, சில்லு சுற்றாது. கட்டாயம் இல்லை, தண்ணீருக்குச் சொந்தக்காரர் ஓம் என்றால்தான் செய்வோம் என்றும் சொன்னான். எனக்கு அது கேட்டதும் ஆறுதலாக இருந்தது. வருடக்கணக்காகப் பாடுபட்டு எழுப்பிய மில்லை, புதுச் சில்லை, எந்த மனிதர் ஒரு மீனுக்காக விடுவார்?

யாழ்ப்பாணத்தில் எங்களுடைய வீட்டுக் கிணறு பங்குக் கிணறு. தோட்டத்துக்கு இறைக்க ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முறை. எங்களுடைய முறையில் பக்கத்து வீட்டார் ஒருதரம் தண்ணீர் எடுத்துவிட்டார்கள் என்று, அந்த வீட்டுக் கலியாணத்துக்குக்கூட என் அம்மா போகவில்லை. தண்ணீர் என்றால் அப்படி. எனக்கு அதில் இன்றைக்கும் பெருமைதான்.

சங்கம் கூட்டம் வைத்தது. எனக்கு எல்லாம் விளங்காது என்று மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். மகள் இங்கே பிறந்தவள், டெனிஸில்தான் அவளுக்கு எல்லாம். தச்சர் எழும்பி நின்று நிறையக் கதைத்தார். அந்தச் சில்லில் அவர் பல வருடத்தைப் போட்டவர். எல்லோரும் மில்லுக்காரியைப் பார்த்தார்கள். அவர் எழும்பவில்லை. இருந்தபடியே கொஞ்சம் சொன்னார். மகள் என் பக்கம் திரும்பினாள்.

"என்னடி சொல்லுறா?"

"ஓமாம், அம்மா. தண்ணி தனக்கு வேண்டாமாம். மீன் கன காலமாக் கீழ வந்து நிண்டு நிண்டு திரும்பிப் போகுதாம். இனிப் போகட்டுமாம்."

கடையில் பட்டாணியோடு நின்றவர் மில்லையும் அப்படியே விட்டுவிட்டார். என்னுடைய மேசை, அரைத்த மா, வரிசையில் நிற்கிற சனம், எல்லாம் அந்த ஒரு சொல்லில் போய்விட்டது. அவருடைய தண்ணீர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எங்களிடம் ஒரு சொல் கேட்கக்கூடாதா? மீனிடம் கேட்டவரா?

தச்சர் கெட்டிக்காரர். அடுத்த கிழமையே ஒரு வழி கண்டுபிடித்தார். நிலவறையில் ஒரு சின்ன மோட்டார் பூட்டி, பட்டி போட்டு, கரண்டில் கல்லையும் சில்லையும் சுற்றவைக்கலாம், தண்ணீர் வேண்டாம், வருகிற சனத்துக்கு வித்தியாசமே தெரியாது என்றார். மின்சாரக் காற்றாடி செய்கிற தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒருவர் மோட்டார் தாறேன் என்றார். எல்லோருக்கும் உயிர் வந்தது. எனக்கும்தான். மில்லுக்காரியிடம் சொன்னார்கள். அவர், "ஆ, மோட்டார்" என்றார். பிறகு யன்னலால் வெளியே பார்த்தார். யாரும் இரண்டாம்தரம் கேட்கவில்லை. அவரிடம் எதையும் இரண்டாம்தரம் கேட்கிற பழக்கம் எங்களுக்கு இருக்கவில்லை.

அணையை உடைக்கிற இயந்திரம் வருவதற்கு முந்திய ஞாயிறு, தண்ணீரால் கடைசியாக ஒருதரம் அரைப்போம் என்று எல்லோரும் கூடினோம். நல்ல குளிர், ஆனால் வெயில். நான் மேசையைப் போட்டு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். கடைசி அரைப்புக்கென்று தச்சர் ஒரு மூட்டைக் கோதுமை கொண்டுவந்து என் மேசைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். கொம்யூன் பெடியனும் வந்திருந்தான். மரியாதைக்கு அவனைத்தான் பிடியை இழுக்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் கையை நீட்டினான்.

அப்போது மில்லுக்காரி நடந்து வந்து பிடியில் கையை வைத்தார். "இண்டைக்கு நான்" என்றார்.

பெடியன் பின்னுக்கு விலகினான். அவர் முழுதாக இழுத்தார். நான் அந்தத் தண்ணீர்க் கதவு அவ்வளவு உயரத்துக்கு எழும்பிப் பார்த்ததில்லை. தண்ணீர் பாய்ந்து விழுந்தது, சில்லு வேகம் பிடித்தது. சனம் கை தட்டியது. அவர் திரும்பிப் பார்க்காமல் மில்லுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே கொண்டி போடுகிற சத்தம் கேட்டது.

கல்லுக்குள் தானியம் போகும்போது வருகிற சத்தம் எனக்குத் தெரியும். அது வரவில்லை. பல்லுக் கூசுகிற மாதிரி ஒரு உராய்வு வந்தது. தீக்குச்சி கிழித்த மணம் ஒன்று யன்னலால் வந்தது. தச்சருடைய முகம் வெளிறிவிட்டது. கோதுமை மூட்டை கட்டு அவிழ்க்காமல் என் காலடியில் இருந்தது.

வெறுங்கல்லை ஓட்டுகிறார். கல்லோடு கல் தேய்கிறது. தச்சர் கதவில் கையால் அடித்து, கல்லைத் தூக்கு, தூக்கு என்று கத்தினார். பிறகு ஓடிப்போய்ப் பிடியைத் தள்ளித் தண்ணீரை நிறுத்தினார். சில்லுக்குள் இருந்த தண்ணீர் வடிந்து அது ஓயும் வரைக்கும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

கதவு திறந்தது. அவர் வெளியே வந்தார். இமையிலும் தலைமயிரிலும் சாம்பல் நிறத்தில் கல்லுத்தூள். தச்சர் உள்ளே போய் வந்தார். மாவை வெட்டுகிற வரிகள் எல்லாம் தேய்ந்து கல் வழுவழுப்பாகிவிட்டது, இனி முழுதாகக் கொத்தினால்தான் அரைக்கும் என்றார். அந்தச் சங்கத்தில் கல்லுக் கொத்துகிற பொறுமை இருந்தது ஒரே ஒரு ஆளுக்குத்தான். அந்த மில்லுக்காரிதான் முன்னால் நிற்கிறார்.

"மோட்டார் போடுறதெண்டு சொன்னனான். நீர் தலையாட்டினனீர்" என்றார் தச்சர். கோபம்கூட இல்லை அந்தக் குரலில்.

"நான் தலையாட்டேல்லை. நீங்கள் ஒருத்தரும் பாக்கேல்லை" என்றார் அவர்.

தச்சர் தன்னுடைய பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். சனமும் மெதுவாகக் கலைந்தது. கொம்யூன் பெடியன் யாரிடம் விடைபெறுவது என்று தெரியாமல் என்னிடம் விடைபெற்றான். மில்லுக்காரி வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். அப்போது வரிசை இல்லை, அவர் மட்டும்தான். ஒரு ரொட்டியில் சம்பலை வைத்துக் கொடுத்தேன். நின்றபடியே தின்றார், முழுதாக.

எனக்குப் பொறுக்கவில்லை. "தண்ணியை மீனுக்கு விட்டனீங்கள். கல்லை மோட்டாருக்கு விட்டால் என்ன?" என்று கேட்டேன்.

"மீனுக்குத் தண்ணி வேணும். மோட்டாருக்குக் கல் வேண்டாம்" என்றார்.

எனக்கு வேணுமே என்று சொல்ல வாயெடுத்தேன். மா எனக்கு வேணும், மேசை எனக்கு வேணும், இந்த ஞாயிறு எனக்கு வேணும். சொல்லியிருந்தால் அவர் அடுத்த நாளே உளியை எடுத்துக்கொண்டு முழங்காலில் இருந்து அந்தக் கல்லைத் திரும்பக் கொத்தியிருப்பார். அது எனக்கு நல்லாய்த் தெரியும். நான் சொல்லவில்லை. அவருக்காகச் சொல்லாமல் விட்டேனா, ஒருவரிடம் கேட்டு வாங்க எனக்கு வாய் வரவில்லையா, இன்று வரை எனக்கு விளங்கவில்லை. ரொட்டி சுட்ட தாச்சியைக் கழுவிக் காரில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.